அவசரமில்லாத கார்

ஹேடோ குவார்ட்டர்ஸ், இரண்டாவது மாடி. கூடத்தில் இருந்தவர்கள்: காரை விற்கும் ஹரிஹரன், அவர் மனைவி நளினி, காரை வாங்க வந்த புரோக்கர் ஜம்புலிங்கம், லுங்கியோடு தரையில் சாய்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு சிலுவைராஜ், அவர் மடியில் ஒரு பூனை.

கார் கீழே நின்றது. ஜம்புலிங்கம் அதைக் குனிந்து பார்த்து, படுத்துப் பார்த்து, தட்டியும் பார்த்துவிட்டுத்தான் மாடியேறியிருந்தார்.

"அடியில முழுக்கத் துரு சார். உப்புக்காத்து தின்னுடுச்சு. ஒண்ணே முக்கால் லட்சம்."

"துரு சைலன்சர்ல மட்டும்தான். பாராடாங் காட்டு ரோட்டுப் பக்கம்கூடப் போகாத வண்டி. ரெண்டரை," என்றார் ஹரிஹரன்.

ஜம்புலிங்கம் சிரித்தார். அவர் கணக்கு துருவில் இல்லை. தீவிலிருந்து மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போகிறவர்கள் காரைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள், கட்டுப்படியாகாது. இங்கேயே விற்றாக வேண்டும். அப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்தால் ஜம்புலிங்கம் பேரமே பேச மாட்டார், காத்திருப்பார். போன வருஷம் சுதாகர் என்ற ஓவர்சியர் கப்பலேறும் அவசரத்தில் ஸ்கூட்டர் விலைக்குக் கார் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

"உங்க ஆபீஸ்ல டிரான்ஸ்பர்னு ஒரு பேச்சு அடிபடுதே சார்?"

"ஆபீஸ்ல பேசாத பேச்சா?" ஹரிஹரன் எழுந்து ஃபேன் போடப் போனார். முதல் சுவிட்சுக்கு விளக்கு எரிந்தது. அடுத்ததற்கு ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவதற்குத்தான் ஃபேன் சுற்றியது.

"இன்னிக்குச் சாயங்காலம் சென்னைக் கப்பல் கிளம்புது."

"அது பாட்டுக்குப் போகும், வரும்."

ஜம்புலிங்கத்துக்கு இந்தப் பதில் போதவில்லை. "பாத்ரூம் எங்க சார்?" என்று எழுந்தவர், வழியிலிருந்த எல்லாக் கதவுகளுக்குள்ளும் தலையை நீட்டினார்.

ஒரு அட்டைப்பெட்டி இல்லை. ஒரு முழம் கயிறு இல்லை. பீரோ நிறையத் துணி, கொடியில் ஈரத்துண்டு, புதிதாகப் பிரித்த அரிசி மூட்டை. சுவரில் முருகன் காலண்டர். அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு முகம் வாடித் திரும்பி வந்தார். ஊரை விட்டுப் போகிறவர்கள் அரிசி மூட்டை பிரிக்க மாட்டார்கள்.

சமையலறையில் நளினி டீ போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு டப்பாவைத் திறந்தாள், ரவை. இன்னொன்றைத் திறந்தாள், உப்பு.

"மேல்தட்டு. பச்சை மூடி," என்றார் சிலுவைராஜ், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அரே வாஹ்! சக்கரை எங்கன்னு அம்மாவுக்குத் தெரியல, எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியுது!" என்றார் ஜம்புலிங்கம்.

"தெனமும் இங்கதான டீ குடிக்கேன்."

"எடுத்ததை எடுத்த எடத்துல வெச்சாத்தானே," என்று நளினி யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

டீ வந்தது. ஜம்புலிங்கம் பாதி குடித்துவிட்டு டம்ளரை வைத்தார்.

"ஃபைனல் சார். ஒண்ணு தொண்ணூறு."

"ரெண்டரை."

"அப்ப ஒரு வாரம் கழிச்சு வர்றேன். நீங்களும் யோசிங்க."

"தாராளமா வாங்க. ஒரு வாரம் கழிச்சும் இந்த வீடு இங்கதான் இருக்கும்."

சிலுவைராஜ் பூனையைத் தடவுவதை நிறுத்தினார். ஜம்புலிங்கம் வாசலுக்குப் போய் ஒரு செருப்பை மாட்டினார். யாரும் கூப்பிடவில்லை.

"போகட்டும் விடுங்க," என்றாள் நளினி. "அபர்டீன் பஜார் ஜவுளிக்கடைக்காரர் கேட்டுக்கிட்டே இருக்கார். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லலாம். நமக்கென்ன அவசரம்?"

செருப்புக்குள் போன கால் வெளியே வந்தது.

"அவர் எதுக்கும்மா நடுவுல? ரெண்டு நாப்பது. பக்கா. இப்பவே எடுத்துட்டுப் போறேன்."

"இன்னிக்கேவா?" ஹரிஹரன் தாடையைச் சொறிந்தார். "ரெண்டு மூணு நாள் ஓட்டிட்டுத் தரலாம்னு பார்த்தேன்."

"நஹி நஹி சார். இன்னிக்குன்னாதான் இந்த ரேட்டு."

"என்ன நளினி?"

"நீங்களே பாத்துக்குங்க. எனக்கு இஷ்டமில்ல."

ஹரிஹரன் பெருமூச்சு விட்டார். அவர் போன் சத்தம் கொடுத்தது, ஜம்புலிங்கம் அனுப்பிய பணம் ஏறியிருந்தது. காகிதங்களில் கையெழுத்துப் போட்டார். ஜம்புலிங்கம் சாவியைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு, ஜவுளிக்கடைக்காரரை முந்திவிட்ட சந்தோஷத்தில் இரண்டிரண்டு படியாக இறங்கினார். கார் கிளம்பி, சந்து திரும்பி, சத்தம் ஓய்ந்தது.

சிலுவைராஜ் பூனையை இறக்கிவிட்டு எழுந்தார். டிவியை அணைத்தார். முருகன் காலண்டரைக் கழற்றிச் சுருட்டி நளினியிடம் கொடுத்துவிட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்த மாதா படத்தை எடுத்து அதே ஆணியில் மாட்டினார். பிறகு, ஜம்புலிங்கம் எதையாவது மறந்து திரும்பி வந்துவிடப் போகிறாரே என்று, வாசல் கதவைச் சாத்திப் பூட்டினார்.

"சரி சார், பின்பக்கப் படி வழியா என் வீட்டை விட்டுக் கிளம்புங்க, கப்பலுக்கு நேரமாச்சு."