மலைப்புறாவுக்கு ஒரு நாற்காலி

“ஏய், ரைஸ் குக்கர் பிளக்கைப் பிடுங்கிட்டியா?” கூடத்திலிருந்து குரல் கொடுத்தார் ஷிகெனொபு.

“பிடுங்கிட்டேன். ஃப்ரிட்ஜையும் பிடுங்கணுமா?” அடுப்படியிலிருந்து அவர் மனைவி மிட்சுயோ கேட்டாள்.

“வேண்டாம். ஃப்ரிட்ஜ் ஓடினா பாட்டு ஒண்ணும் கெட்டுப்போகாதுன்னு மலைப்புறாவே எழுதிட்டாரே. எத்தனை தடவை சொல்றது?”

ஷிகெனொபு பாட்டுக் கேட்கும்போது அந்த வீட்டில் வேறு எதுவும் மின்சாரம் குடிக்கக் கூடாது. குடித்தால் பாட்டுக்குள்ளே அழுக்குச் சேருமாம். இரண்டு கோடை முழுக்க ஃப்ரிட்ஜை அடிக்கடி அணைத்து, கானாங்கெளுத்தி மீன் நாறிப்போய், மிட்சுயோ கெஞ்சியதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான். மலைப்புறா இணையத்தில் ஒரே ஒரு வரி எழுதினார். அன்றைக்கே ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பித்துவிட்டது.

எல்லாம் கூடத்தில் கொலு வீற்றிருக்கும் அந்த ஆம்பிளிஃபயர் படுத்தும் பாடு. அதை வாங்கியவர்கள் கருத்து எழுதுவதற்கென்றே இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. பெண்டாட்டியிடம் நாளெல்லாம் நான்கு வார்த்தை பேசாத ஷிகெனொபு, அங்கே பக்கம் பக்கமாக எழுதுவார். காலையில் அதன் குரல் கம்மியிருக்கிறது, மதியத்தில் இளகுகிறது, மழை நாளில் ஏங்குகிறது என்று. மற்றவர்கள் ஆகா என்பார்கள். மலைப்புறா என்ற பெயரில் எழுதுகிறவர் மட்டும், “மூன்றாவது பாட்டில் வலப்பக்கம் கொஞ்சம் தூக்கலாக இல்லையா?” என்று கேட்பார். போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

கருத்து எழுதுகிறவர்கள் இன்று முதல் தடவையாக ஹமாமட்சு நகரில் இவர் வீட்டில் கூடுகிறார்கள். மலைப்புறாவும் வருவதாக எழுதியிருந்தார்.

அவர்களில் ஒகுடேராவும் முராயும் முதலில் வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, இனிப்புப் பெட்டியை நீட்டினார்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நேர் நடுவே போட்டிருந்த நாற்காலியை ஒகுடேரா ஆசையோடு பார்த்தார்.

“அது மலைப்புறாவுக்கு,” என்றார் ஷிகெனொபு. “நாம ஓரமா உட்காருவோம்.”

“மனுஷன் எப்படி இருப்பாருன்னு நினைக்கிறீங்க?” என்று கேட்டார் ஒகுடேரா.

“பெண்டாட்டி செத்துப்போனவரா இருக்கணும்,” என்றார் முராய். “வீட்ல பேச ஆள் இல்லைன்னு ஒரு தடவை எழுதியிருந்தாரே.”

“எனக்குத்தான் எழுதினார்,” என்றார் ஷிகெனொபு பெருமையோடு. “எனக்கும் அதே கதைதான்னு பதில் போட்டேன்.”

தேநீர் வைத்துக்கொண்டிருந்த மிட்சுயோவின் கை ஒரு நொடி நின்று, பிறகு அடுத்த கோப்பையை வைத்தது.

“மத்தியானம் ரெண்டு மணி நேரம் அதை அணைச்சு வைங்க, சாயங்காலம் குரல் திறக்கும்னு சொன்னாரு பாருங்க, அது சத்தியம்,” என்றார் ஒகுடேரா.

“நானும் அப்படித்தான் செய்யறேன். வீடே அமைதியா இருக்கு,” என்றார் ஷிகெனொபு.

“ஞாயித்துக்கிழமை வீட்டம்மாவை எங்கேயாவது வெளியில கூட்டிட்டுப் போங்கன்னும் எழுதினாரே. போனீங்களா?” முராய் கண்ணைச் சிமிட்டினார்.

“ஆம்பிளிஃபயரைப் பத்தி அவருக்குத் தெரியாதது இல்ல. பொம்பளைங்களைப் பத்தி ஒண்ணும் தெரியாது, பாவம்.”

மூவரும் சிரித்தார்கள்.

நேரம் போனது. ஷிகெனொபு வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். யார் மிதிவண்டி மணி அடித்தாலும் எட்டிப் பார்த்தார். உலகத்தில் தன்னைப் புரிந்துகொண்ட ஒரே ஆள். அந்த ஆளும் வரவில்லை என்றால் எப்படி?

“ஆரம்பிச்சிடலாமே. அவர் மெதுவா வரட்டும்,” என்றார் ஒகுடேரா.

வேறு வழியில்லாமல் ஷிகெனொபு இசைத்தட்டைப் போட்டார். பியானோ மெல்ல எழுந்தது. ஒகுடேரா கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் மிட்சுயோ கூடத்துக்குள் வந்தாள். சமையல் அங்கியை அவிழ்த்து மடித்துக் கையில் வைத்திருந்தாள். தலை வாரியிருந்தாள். நேராகப் போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஷிகெனொபுவுக்குப் பகீரென்றது. தூசி தட்டுவதைத் தவிர அவள் அந்த நாற்காலியைத் தொட்டதே இல்லை.

“ஏய்! அது அவரோட இடம்.”

“தெரியும்ங்க.”

“தெரிஞ்சா எழுந்திரு! அவர் எந்த நேரத்துலயும் வந்துடுவார்.”

“இந்த ஒரு பாட்டு முடியட்டுமே. கேட்டுட்டுப் போறேன்.”

“உனக்கு இதுல என்ன தெரியும்? பியானோவுக்கும் பாத்திரம் விழற சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியுமா உனக்கு? வந்தவங்க முன்னாடி மானத்தை வாங்காதே. எழுந்திருன்னா எழுந்திரு!”

விருந்தாளிகள் தங்கள் கோப்பைகளையே உற்றுப் பார்த்தார்கள். மிட்சுயோ எழுந்தாள், இருவருக்கும் தலை தாழ்த்தினாள், அடுப்படிக்குப் போய்க் கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டாள்.

“மன்னிக்கணும்,” என்றார் ஷிகெனொபு. நாற்காலியின் மெத்தையைத் தட்டி நேராக்கினார்.

பாட்டு முடியும் நேரத்தில் ஒகுடேராவின் கைப்பேசி சிணுங்கியது.

“அட, மலைப்புறா! நம்ம பக்கத்துல புதுசா கருத்துப் போட்டிருக்காரு!”

“படிங்க, படிங்க! ஏன் வரலையாம்?” ஷிகெனொபு பாட்டை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

ஒகுடேரா உற்சாகமாகத்தான் ஆரம்பித்தார். போகப் போகக் குரல் இறங்கிவிட்டது.

“‘இன்று முதல் முறையாக நடு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். இத்தனை காலம் அடுப்படிச் சுவருக்குப் பின்னால் நின்று கேட்டதைவிட எவ்வளவோ மேல். பாட்டு முடிவதற்குள் எழுந்து போகச் சொல்லிவிட்டார். மற்றபடி ஆம்பிளிஃபயரில் குறை ஒன்றுமில்லை.’”