மாதிரி

அபிதா இந்தப் பருவத்தில் தனியாகச் செய்யவேண்டிய மரபணு ஆய்வுக்குத் திட்டம் போட அவளும் பேராசிரியர் ஞானதுரையும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் சாம்பிள் என்பதை அவர் மட்டும் மாதிரி என்றுதான் சொல்வார்.

“இது யாரு மாதிரி?”

“அம்மாவோடது சார். கேன்சர்னு தெரிஞ்சப்ப எடுத்த ரத்தம்.”

“இப்ப எப்படி இருக்காங்க?”

“இல்ல சார்.”

கணினித் திரையில் அந்த ரத்தத்தின் மரபணு எழுத்துகள் வரிசையாக நின்றன. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒப்பிட இன்னொரு மாதிரி வேணுமேம்மா.”

“என்னோடது இருக்கு சார்.”

சாவு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவள் கன்னத்தைத் தொட்டு, அப்படியே அம்மா மாதிரி என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினாள்.

“ரெண்டையும் வெச்சுப் பாத்துட்டியா?”

“இல்ல சார். அது திட்டத்துல கடைசி மாசம்தான் வருது.”