மாடியில் ஒரு சபை

வணக்கம், எல்லாரும் சௌக்கியமா? காது நல்லா கேக்குதா? அப்ப சரி, இதைக் கேளுங்க.

புதுச் சபை தொடங்க இடம் தேடிய பாஸ்டரை ஒன்பது வீட்டுக்காரர்கள் சத்தத்துக்குப் பயந்தே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பத்தாவது வீட்டில் உண்மையை முதலிலேயே போட்டு உடைத்தார்.

"ஐயா, இப்ப நாங்க நாலே பேருதான். ஆனா கை தட்டுவோம், டிரம்ஸ் அடிப்போம், அந்நிய பாஷையில சத்தமா ஜெபிப்போம்."

"தாராளமா!" என்றார் வீட்டுக்காரர், மாடியைத் திறந்து காட்டியபடி. "ஸ்பீக்கர் இருக்கா?"

"சின்னதா ஒண்ணு."

"பெருசா வாங்கி, தரையிலயே வைங்க."

பாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா!" என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை நடுவே வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்ப்பார். "இன்னும் கொஞ்சம் சத்தமா பாடலாமே, பாஸ்டர்?" ஆவியானவர் இவரைத் தொட்டுவிட்டார் என்றே பாஸ்டர் நம்பினார்.

மூன்றாம் மாதம், படியேறி வந்த வீட்டுக்காரரின் கையை பாஸ்டர் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, சபை வளந்துடுச்சு! உங்க கீழ் வீட்டுல குடியிருக்காரே, சண்டை போட மேல வந்தவரு, அப்படியே உக்காந்துட்டாரு. குடும்பத்தோட எட்டுப் பேரு! டிரம்ஸ்கூட இனி அவருதான்."

வீட்டுக்காரர் படியிலேயே பொத்தென்று உட்கார்ந்தார்.

"என்ன பாஸ்டர், கெடுத்தீங்களே! அந்த ஆளக் காலி பண்ண வைக்கத்தானே உங்களக் கொண்டாந்து மேல வச்சேன்!"

டிரம்ஸ் குச்சியோடு கீழ் வீட்டில் குடியிருப்பவர் தலையை நீட்டினார். "கவலைப்படாதீங்க ஐயா. கீழ வீடு, மேல சபை. இனி சாகுற வரைக்கும் நாங்க எங்கயும் போக மாட்டோம்!"

ஆமா, உங்க வீட்டு மாடியில யாரு இருக்காங்க? எழுதுங்களேன்.