வீட்டுக்கு வந்த மெக்கானிக்

"கை இறுக்கமாத்தான் இருக்கும் டீச்சரம்மா. புதுசு இல்லையா? ஒரு ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும், தானா செட் ஆயிடும்."

டீச்சரம்மா தைத்து வாங்கிய சட்டையைக் கையில் பிடித்தபடி, மனுஷர் கிண்டல் செய்கிறாரா என்று பார்த்தார். கிண்டல் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் கார்களுக்குச் சொன்ன பதிலைச் சட்டைக்கும் சொல்லலாம் என்றே மெக்கானிக் நம்பினார்.

உள்ளே தையல் மெஷின் சத்தம் நின்றது. மனைவி எழுந்து வந்தாள்.

"குடுங்க டீச்சர், கையைப் பிரிச்சு விட்டுத் தரேன். அஞ்சு நிமிஷம்." பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்க கொஞ்ச நேரம் மொட்டை மாடிக்குப் போறீங்களா?"

"மாடியில என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்ல. அதான் போகச் சொல்றேன்."

ஒர்க்‌ஷாப்பை மூடி நாலு மாசம் ஆகிறது. முட்டி தேய்ந்துவிட்டது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் மனைவி. "உங்க ஆயுசை எல்லாம் அந்த ஷெட்டே தின்னுடுச்சு. மிச்சத்தையாவது வீட்டுக்குக் குடுங்க" என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் குடுத்துவிட்டார். ஷட்டரை இறக்கிப் பூட்டி, சாவியை ஷெட் ஓனரிடம் ஒப்படைத்து, ஸ்பேனர் பெட்டியோடு வீடு வந்து சேர்ந்தார்.

முதல் வாரம் அவளுக்கு நிஜமாகவே சந்தோஷம்.

இரண்டாவது வாரம், சத்தம் சரியில்லை என்று சொல்லி அவளுடைய தையல் மெஷினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார். திரும்ப மாட்டியபோது ஒரு ஸ்க்ரூ மிஞ்சியது. "கம்பெனிக்காரன் எப்பவும் ஒண்ணு கூடத்தான் போடுவான்" என்று பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அன்று முதல் பத்துத் தையலுக்கு ஒருமுறை நூல் அறுந்தது.

அதோடு விட்டாரா? வந்த துணிக்கெல்லாம் அட்டை கட்டி, வந்த தேதி, என்ன கம்ப்ளெயின்ட் என்று எழுதித் தொங்கவிட்டார். பட்டன் தைக்க வந்த பக்கத்து வீட்டு அக்காவிடம், "விட்டுட்டுப் போங்க, பிரிச்சுப் பார்த்தாத்தான் உள்ள வேற என்ன போயிருக்குன்னு தெரியும்" என்றார். தைத்து மடித்து வைத்த துணியைக் கேட்டு வந்தவர்களை நாளைக்கு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்.

"ரெடியா இருக்கிறதை ஏங்க குடுக்காம அனுப்பினீங்க?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"சொன்ன அன்னைக்கே குடுத்தா வேலைக்கு மதிப்பு இருக்காது. தொழில் தெரிஞ்சவன் சொல்றேன், கேளு."

அன்று டீச்சரம்மா போகும்வரை மாடியில் நின்றார். எதிர்வீட்டுக் கார் கிளம்பும்போது பெல்ட் கிரீச்சிட்டது. அஞ்சு நிமிஷ வேலை. ஓடிப்போய் பானெட்டைத் திறக்கலாம்போல் கை பரபரத்தது. கார் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது. வெளியில் யாருக்கும் தான் வேண்டாம், வீட்டில் இவளுக்கும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டார். அந்த ஷெட் மட்டும் திரும்பக் கிடைத்தால், முட்டியாவது மண்ணாவது.

அந்த வாரக் கடைசியில் ஷெட் ஓனர் போன் செய்தார்.

"மெக்கானிக்கு, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க. எனக்கு வாய் நிக்கல. உங்க வீட்டம்மா வந்து ஷெட்டை வாடகைக்கு எடுத்துட்டாங்க. சாவியும் வாங்கிட்டுப் போயிட்டாங்க."

"யாரு, என் வீட்டுக்காரியா? அவதானே மூடச் சொன்னா?"

"அதைத்தான் நானும் கேட்டேன். அவரு இப்படி வீட்டுல உட்கார்ந்திருக்கிறதை என்னால பார்க்க முடியலைங்கன்னாங்க. கண்ணு கலங்கிடுச்சு, பாவம்."

போனை வைத்தவருக்கும் கண் கலங்கிவிட்டது. மாடிக்கு விரட்டியவளின் மனசுக்குள் இவ்வளவு இருந்திருக்கிறதே. தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் அவள் ஆசை கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டார். கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை இழுத்து, ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக மண்ணெண்ணெயில் துடைத்தார். துணி வாங்க வந்தவர்களிடம் இரண்டு நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு உடம்பு ஏதும் சரியில்லையோ என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை, "கிளம்புங்க, ஒரு இடத்தைக் காட்டணும்" என்றாள்.

"எந்த இடம்?" என்று ஒன்றும் தெரியாதவர்போல் கேட்டார்.

"வந்தா தெரியும். அந்தப் பெட்டி எதுக்கு?"

"சும்மா, கையில இருக்கட்டும்."

பழைய ஷெட்டின் முன்னால் அவள் நின்றாள். ஷட்டருக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தது. அதற்குமேல் அவரால் நடிக்க முடியவில்லை.

"எல்லாம் எனக்குத் தெரியும். ஓனர் சொல்லிட்டாரு. இத்தனை வருஷம் உன்னைப் புரிஞ்சுக்காமலே இருந்துட்டேன். இனிமே சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஒரு நிமிஷம் இங்க இருக்க மாட்டேன், போதுமா?" என்று சாவிக்காகக் கையை நீட்டினார்.

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பூட்டைத் தானே திறந்து, ஷட்டரைத் தள்ளி ஏற்றினாள். எண்ணெய்க் கறை படிந்திருந்த தரை இப்போது பளபளவென்று இருந்தது. நடுவில் துணி வெட்டும் மேஜை. சுவரோரம் இரண்டு புதுத் தையல் மெஷின்கள்.

"நீங்க எதுக்குங்க இங்க இருக்கணும்? நான்தான் இனிமே காலையில வந்தா ஏழு மணிக்குத்தான் திரும்புவேன், வீடு முழுக்க உங்களுக்குத்தான்" என்று, நீட்டியபடியே இருந்த கையில் வீட்டுச் சாவியை வைத்தாள்.