ஸ்டெப்னி மாட்டும் தேர்வு

மறுநாள் காலை டிரைவர் வேலைக்கான தேர்வு. கார் சக்கரத்தைத் தனி ஆளாகக் கழற்றி மாட்ட வேண்டும். அதற்குத்தான் அவன் தயாராகிக்கொண்டிருந்தான். வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் நோட்டை விரித்துக்கொண்டான். மனைவி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு காரருகே குந்தினாள்.

"முதல்ல என்ன செய்யணும்?" என்று விறைப்பாகக் கேட்டான்.

"ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டையை முட்டுக் கொடுக்கணும்."

"அப்புறம் ஜாக்கியா?"

"ஐயோ! வண்டி தரையில நிக்கும்போதே நட்டையெல்லாம் கொஞ்சம் தளர்த்திடணும். தூக்கினப்புறம் மல்லுக்கட்டினா வண்டி சரிஞ்சிடும்."

அவன் எழுதிக்கொண்டான். அவள் ஜாக்கியால் காரைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினாள்.

"கழட்டினதை எதுக்குக் காருக்கு அடியில தள்ளுற?"

"ஜாக்கி நழுவினா வண்டி அது மேல உட்காரும். என் கால் தப்பிச்சிடும்."

ஸ்டெப்னியை மாட்டி, நட்டுகளை எதிரெதிராகத் திருகி, காரை இறக்கியபின் நன்றாக இறுக்கினாள்.

"பரவாயில்லையே! இதுக்கு எத்தனை மார்க் போடலாம்?"

"அதையும் நானே சொல்லணுமா? நாளைக்குத் தேர்வு நடத்தப்போற அதிகாரி நீங்கதானே!"

அவன் அசடு வழிந்தான்.

அவள் ஸ்பேனரை அவன் கையில் திணித்தாள். "எழுந்திருங்க. நீங்க ஒரு தடவை கழட்டி மாட்டுங்க. வர்றவங்க எல்லாம் பழம் தின்னு கொட்டை போட்ட டிரைவருங்க. நோட்டைப் பார்த்துக் கேள்வி கேட்டா மானம் போயிடும்."

அவன் சக்கரத்தைப் பார்த்தான். ஸ்பேனரைப் பார்த்தான்.

"அது சரி, எந்தப் பக்கம் திருகினா நட்டு கழலும்?"