தொண்ணூற்றிரண்டு மஞ்சள் அட்டைகள்

"கோடரியையும் விழாவுக்குக் கூப்பிடப் போறாங்களாமே? பக்கத்துல எவன் உட்காருவான்? முட்டிக்கு இன்ஷூரன்ஸ் எடுத்துட்டுத்தான் உட்காரணும்!"

மைதான வாசலில், சாசேஜ் கடை வரிசையில் முன்னால் நின்ற இரண்டு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்னால் நின்ற மெர்லெவுக்கும் சிரிப்பு வந்தது.

லோப்ரூக் கால்பந்துக் கழகத்தின் நூற்றாண்டு மலருக்குச் சாதனைப் பட்டியல் தயாரிப்பது அவள் வேலை. அதிக கோல், அதிக ஆட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். அதிக மஞ்சள் அட்டை வாங்கியவர், தொண்ணூறுகளில் தடுப்பாட்டக்காரராக இருந்த ஹார்ட்முட் குபிட்சா. மொத்தம் தொண்ணூற்றொன்று. ரசிகர்கள் வைத்த பெயர்தான் 'கோடரி'.

திங்கட்கிழமை மேலாளர் ப்ரிங்க்மன் விழா விருந்துக்கான இருக்கை வரைபடத்தைப் பென்சிலால் நிரப்பிக்கொண்டிருந்தார்.

"சாதனைக்காரங்க எல்லாருக்கும் அழைப்பு அனுப்பியாச்சா?"

"குபிட்சாவைத் தவிர எல்லாருக்கும் போயாச்சு, சார்."

"அவருக்கு வேண்டாம். மலர்ல பேர் வரட்டும், கணக்கை மறைக்க முடியாது. ஆனா விருந்துல எங்கே உட்கார வைக்கிறது? மேயர் பக்கத்துலயா?" பென்சிலை ஆட்டினார். "நானும் அவரோட ஆடினவன்தான்மா. எட்டு வருஷத்துல மூணே மூணு அட்டை! அந்த மனுஷனுக்குப் பொறுப்பே கிடையாது. ஒரு வருஷம் கடைசி ஆட்டத்துக்கு முந்தின வாரம் அட்டை வாங்கிட்டு வெளியே உட்கார்ந்துட்டார். அவர் இடத்துல நான் எறங்கித்தான் சமாளிச்சேன்."

மெர்லெ தலையாட்டிவிட்டுத் தன் மேசைக்குத் திரும்பினாள்.

ஒவ்வொரு அட்டைக்கும் காரணம் எழுத வேண்டும். அது கழகத்தின் வழக்கம். பழைய ஆட்ட அறிக்கைகளைப் பார்த்து எழுதிக்கொண்டே வந்தவளின் கை ஓரிடத்தில் நின்றது.

'பந்தைப் பார்வையாளர் பக்கம் வேண்டுமென்றே உதைத்ததற்கு.'

இதே காரணத்தை முன்பே எழுதியிருக்கிறாளே? புரட்டினாள். ஆறு முறை. ஆறு வெவ்வேறு வருடங்கள். ஆறுமே கடைசி ஆட்டத்துக்கு முந்தைய ஆட்டம். ஆறுமே அந்த வருடத்தின் ஐந்தாவது அட்டை.

ஐந்தாவது அட்டை வாங்கியவர் அடுத்த ஆட்டம் ஆட முடியாது.

அப்படியானால் அந்த ஆறு கடைசி ஆட்டங்களிலும் அவர் இடத்தில் இறங்கியது யார்? ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர். அத்தனை பேரும் அதுவரை அந்த வருடம் ஆடியிருந்தது சரியாகப் பதினான்கு ஆட்டங்கள்.

பழைய ஒப்பந்தங்கள் இருந்த அலமாரியைத் திறந்தாள். மாற்று ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே நிபந்தனை: பதினைந்து ஆட்டம் ஆடினால் ஒப்பந்தம் தானாகவே இன்னொரு வருடம் நீளும். பதினான்கு என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வருடம், அட்டை, ஆட்டக் கணக்கோடு ஆறு பெயர்களையும் ஒரு தாளில் எழுதினாள். நான்காவது பெயரை எழுதியபோது காது சூடானது.

போனில் பேசக் கூச்சப்பட்டு நேரிலேயே போனாள். குபிட்சா இப்போது டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். கார் ஒன்று வாசலில் குலுங்கி நின்றது. உள்ளே அவர் குரல்: "மஞ்சள் விளக்குன்னா நிக்கணும், தம்பி! பறக்கக் கூடாது!"

இறங்கி வந்தவரிடம் கழகத்திலிருந்து வருவதாகச் சொல்லி அட்டைப் பட்டியலை நீட்டினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"தப்பா இருக்கே. தொண்ணூத்தி ரெண்டு. கோப்பை ஆட்டத்துல ஒண்ணை விட்டுட்ட."

"சார்... அந்த ஆறு அட்டை..."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நடுவர் காட்டினார், நான் வாங்கினேன். அவ்வளவுதான்."

"ஆறு பேரும் பதினாலு ஆட்டத்துல நின்னுட்டிருந்தாங்க, சார்."

"எண்ணிட்டியா?" பெருமூச்சு விட்டார். "பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல போட்டிருப்பாங்கம்மா. ஒரே ஒரு ஆட்டத்துக்காகக் குடும்பமே ஊரை விட்டுப் போகணுமா?"

"அவங்களுக்கு இது தெரியுமா?"

"தெரிஞ்சா எவனாவது மானத்தோட எறங்கி ஆடுவானா? புத்தகத்துல இதெல்லாம் வேண்டாம். பந்தை உதைச்சான், அட்டை வாங்கினான், அது போதும். அந்தத் தொண்ணூத்தி ரெண்டை மட்டும் சரி பண்ணிடு."

"உங்களைக் கோடரின்னு சொல்றாங்களே, சார்."

"சொல்லட்டும். முப்பது வருஷமா வண்டி ஓட்டுறேன், ஒரு அபராதச் சீட்டு வாங்கினதில்ல. யாராவது அதைச் சொல்றாங்களா?" சிரித்தபடி காருக்குத் திரும்பினார்.

மறுநாள் மெர்லெ எண்ணைத் திருத்தினாள். காரணங்களை அறிக்கையில் இருந்தபடியே விட்டாள். பிறகு ஆறு பெயர்கள் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக் கதவு முன் நின்றாள். இரண்டு முறை திரும்பிப் போனாள். மூன்றாவது முறை தட்டினாள்.

"என்னம்மா இது, மலருக்கா?"

"மலருக்கு இல்ல, சார். உங்களுக்கு."

ப்ரிங்க்மன் படித்தார். ஆறு வருடங்கள், ஆறு ஐந்தாவது அட்டைகள், பதினான்கு ஆட்டங்களோடு காத்திருந்த ஆறு பேர். நான்காவது வரியில் அவர் விரல் நின்றது.

'ப்ரிங்க்மன், உடோ.'

மெர்லெ போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றாள்.

அவர் இருக்கை வரைபடத்தை இழுத்தார். தன் பக்கத்து இருக்கையில் எழுதியிருந்த மேயரின் பெயரை ரப்பரால் அழித்தார். பென்சிலை ஓரமாக வைத்துவிட்டுப் பேனாவை எடுத்து, 'ஹார்ட்முட் குபிட்சா' என்று எழுதினார்.