கோரைத் திருடன்

"டேய் கொல்மன்! யார் வயல்ல யார் கை வைக்கிறது?"

சமையலறை ஜன்னலிலிருந்து நோரின் போட்ட கூச்சலில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளே தலை தூக்கின. அவளுடைய ஈர வயலில் குனிந்து கோரை பிடுங்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு கொல்மன், கோரைக் கட்டை அணைத்துக்கொண்டு சுவரேறிக் குதித்து ஓடினான். ஒரு ரப்பர் பூட்ஸ் மட்டும் சேற்றிலேயே நின்றுவிட்டது.

"பாழாப்போன கோரை, புல்லை முளைக்க விடுதா?" என்று வருஷம் பூராவும் திட்டுபவள்தான் நோரின். திருட்டுப் போனதும் அது தங்கமாகிவிட்டது.

நாளை புனித பிரிஜித் அன்னையின் திருநாள். இன்று மாலை வீட்டுக்கு வீடு, வாசலில் காவலுக்கு மாட்ட, கோரையில் சிலுவை பின்னுவார்கள். நோரின் வீட்டில் மட்டும் இந்த முறை இல்லை. கேட்டவர்களிடம் "விரல்ல வாதம்" என்று சொல்லிவிட்டாள்.

வாதமாவது ஒன்றாவது! வழக்கப்படி, கோரைக் கட்டோடு ஒருவர் வெளியே நின்று, பிரிஜித் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்ட வேண்டும். உள்ளே இருப்பவர் வரவேற்க வேண்டும். அப்புறம்தான் பின்னல். போன வருஷம் வரை தட்டியவர் கணவர் மலாக்கி. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இவளே தட்டிவிட்டு, இவளே உள்ளே ஓடிவந்தா பதில் சொல்வாள்?

இந்த நினைப்புக்கெல்லாம் சண்டைதான் மருந்து. பூட்ஸைத் தூக்கிக்கொண்டு நேரே கொல்மன் வீட்டுக்குப் போனாள். அவன் இல்லை. மனைவி ஃபிலோதான் இருந்தாள்.

"எங்கேடி உன் புருஷன்? என் கோரையைத் திருடிட்டு ஓடியிருக்கான்!"

"எங்க வயல்லயே இடுப்பளவு கோரை கிடக்கே, நோரின்."

"பின்னே என்னுதை ஏன் எடுத்தான்? கொழுப்பா?"

"கொழுப்புதான். டாக்டரே சொல்லியிருக்காரு."

முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்பிக் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் டக், டக், டக்.

"யாரது?"

"பிரிஜித் வந்திருக்கா! கதவைத் திறந்து உள்ளே கூப்பிடுங்க!"

கரகரத்த ஆண் குரல். நோரின் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கை நிறையக் கோரையோடு கொல்மன் நின்றான். ஒரு காலில் பூட்ஸ், மறு காலில் நனைந்த சாக்ஸ்.

"சீக்கிரம் பதில் சொல்லு நோரின், கால் விறைக்குது! உன் வீட்டுச் சிலுவைக்கு உன் வயல் கோரைதானே சரி? கேட்டா குடுத்திருப்பியா நீ?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள் நோரின்.

"வரட்டும், வரட்டும், அந்தத் தாய் நல்லபடியா வரட்டும்!" என்றவள், பூட்ஸை அவன் காலடியில் போட்டாள். "திருடனும் வரட்டும்."